மதம் கலந்த வீடுகள், கலக்காத சாதி

பங்காளி இந்து, தாய்மாமன் கிறிஸ்தவர். நானூறு ஆண்டுகளாகக் கொண்டு கொடுத்து வாழும் மதுரை மண்ணின் குடும்பங்களைச் சான்றிதழும் சொத்தும் கல்லறைச் சுவரும் எப்படிப் பிரிக்கின்றன?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மதுரையில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களின் வாசலில் செவ்வந்தி மாலையும் மெழுகுவத்திக் கட்டும் விற்கிற தள்ளுவண்டிகள் மதியத்திலிருந்தே வரிசை கட்டிவிடுகின்றன. உள்ளே புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகள். பெயர்க் கல்லில் ஞானஸ்நானப் பெயர் மேலே இருக்கிறது; ஊர் கூப்பிட்ட பெயர் ‘என்ற’ போட்டுக் கீழே இருக்கிறது. சாமியார் தீர்த்தச் செம்போடு ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டே வருகிறார்.

எந்தக் கல்லறை முன்னாலும் சற்று நின்று பார்த்தால் குடும்பம் தெரியும். முக்காடு போட்ட பெண் ஜெபமாலை உருட்டுகிறார். பக்கத்தில் நெற்றி நிறைய விபூதியோடு அவருடைய தம்பி, மெழுகுவத்தி காற்றில் அணையாமல் கை குவித்து மறைத்துக்கொண்டு நிற்கிறார். ஊதுவத்தியைப் பொருத்திக் கல்லின் இடுக்கில் செருகுகிறாள் அவருடைய மகள். சிலுவை அடையாளம் போடத் தெரியாதவர்கள் கும்பிட்டுக்கொள்கிறார்கள். கீழே படுத்திருப்பவர் எல்லோருக்கும் அப்பத்தா. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிற பழமொழிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதே தமிழ்நாட்டில்தான் கத்தோலிக்கரையும் கத்தோலிக்கரையும் நடுவில் சுவர் எழுப்பிப் புதைத்த கல்லறைத் தோட்டங்களும் இருக்கின்றன. சாமி வேறானாலும் சாதி ஒன்றாக இருந்தால் உறவு தொடர்கிறது. சாமி ஒன்றாக இருந்தும் சாதி வேறானால் சுவர் எழும்புகிறது. மதுரைக் கத்தோலிக்கரின் கலப்பு வம்சாவளியைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

ரோமாபுரியிலிருந்து வந்த சந்நியாசி

இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்த இராபர்ட் தெ நொபிலி என்கிற இயேசு சபைத் துறவி 1606 இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்கிற போர்த்துகீசியப் பாதிரியார் இங்கே ஒரு கோயில் நடத்திக்கொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து வந்த பரதவர்கள் அங்கே பூசைக்குப் போனார்கள். மதுரைக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தால் பறங்கியாகிவிடுவோம், உறவும் ஊரும் கைவிட்டுவிடும் என்கிற பயம் அவர்களுக்கு இருந்தது.

நொபிலி காவி உடுத்தினார். மரக்கறி உணவுக்கு மாறினார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கம், அவற்றை விடாமலே கிறிஸ்தவராகலாம் என்று வாதாடினார். 1623 இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவு தந்தார்.

மதுரைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் உருவம் அப்போது தீர்மானமாயிற்று. வேதத்தில் சேர்ந்தவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. தம்பி இந்துவாகவே இருக்கலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். அதே ஏற்பாட்டில் சாதியும் சேதாரமில்லாமல் கோயிலுக்குள் நுழைந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று 1640 வாக்கில் ‘பண்டாரசாமிகள்’ என்கிற தனிப் பிரிவுக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். உறவைக் காப்பாற்றிய வழியே சாதியையும் காப்பாற்றியது.

குடும்ப வழக்கத்தில் வேதம் கை வைத்த இடத்தில் எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு அருளானந்தர் என்கிற இயேசு சபைத் துறவியின் கதை சான்று. மறவர் சீமையில் தடியத் தேவர் என்கிற சிற்றரசர் 1693 தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனையில் போய் முறையிட்டார். பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. இன்று அதே ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளச் சாதி மதம் பாராமல் வருகிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: மதுரை மிஷன், முக்கிய ஆண்டுகள்

• 1606: நொபிலி மதுரை வருகை. 1656 இல் மயிலாப்பூரில் மறைவு.
• 1623: நாட்டு வழக்கங்களுக்கு ரோமின் இசைவு.
• 1693: ஓரியூரில் அருளானந்தர் கொலை. 1947 இல் புனிதர் பட்டம்.
• 1744: போப் பதினான்காம் பெனடிக்ட் நாட்டு வழக்கங்கள் பலவற்றைக் கட்டுப்படுத்தினார். இதன்படி குருக்கள் எடுத்த உறுதிமொழி 1940 இல்தான் நீக்கப்பட்டது.
• 1894: வைகைக் கரையில் இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம். பிரான்சின் ரேம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது.
• 1938: மதுரை மறைமாவட்டம் தனியானது. 1953 இல் உயர் மறைமாவட்டம்.

தலைக்கட்டு வரியும் தவக்காலமும்

கலப்புக் குடும்பத்தின் நடைமுறையைப் பார்க்க மாசி மாதம் நல்ல நேரம். மகா சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்புகிறார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழும். பங்காளிகளில் கத்தோலிக்க வீடு இருந்தால் அவர்களிடம் வாங்குவதா வேண்டாமா என்று பேச்சு எழும். சில ஊர்களில் வரியைக் கொடுத்துவிட்டுப் பிரசாதம் வாங்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள். சில ஊர்களில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்று கணக்கை வேறு தலைப்பில் எழுதிக்கொள்வார்கள். சில ஆண்டுகளில் திருநீற்றுப் புதனும் சிவராத்திரியும் சேர்ந்தாற்போல் வந்துவிடும். கிடாய் வெட்டிப் பந்தி போடும்போது தவக்காலத்தில் புலால் விலக்கிய உறவுக்காரருக்கு மட்டும் தனியாகச் சாம்பார் வரும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இருக்காது; பெரியம்மா ஞாபகமாக எடுத்து வைத்திருப்பார்.

எதிர்த் திசையிலும் இதே கதை. வாடிப்பட்டி ஆரோக்கிய அன்னைக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களில் இந்துக் குடும்பங்கள் ஏராளம். மாதா கோயிலில் மொட்டை போட்டு, அங்கேயே காது குத்தி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைப்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. கத்தோலிக்கக் கல்யாணத்தில் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற தாலியை மாப்பிள்ளை கட்டுகிறார். அதற்கு முன்னே பரிசமும் பின்னே மாமன் சீரும் நடக்கின்றன. தாலியில் சிலுவை கோத்திருக்கும் என்பதைத் தவிர, பந்தியில் உட்கார்ந்தவருக்கு வித்தியாசம் தெரியாது.

பிறந்த வீட்டுச் சாமியை முற்றாக மறந்துதான் இன்னொரு நம்பிக்கையில் உண்மையாக இருக்க முடியும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த ஊர்களைப் பார்க்காதவர். இங்கே கத்தோலிக்க அடையாளம் உறவுமுறைக்குள் வேர் விட்டு வளர்ந்திருக்கிறது. அதன் வலிமையே அதுதான்.

கல்யாண ஓலை வாசிக்கும்போது எழும் கேள்விகள்

சிக்கல் கல்யாணத்தில் தொடங்குகிறது. கத்தோலிக்கர் திருமுழுக்கு பெறாதவரைக் கோயிலில் மணக்க வேண்டுமானால் ஆயரின் விலக்கு அனுமதி வேண்டும். தன் நம்பிக்கையை விடமாட்டேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். இந்துப் பெண்ணோ மாப்பிள்ளையோ மதம் மாற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்பதில்லை. அந்த வாக்குறுதி அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான். இந்த வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. சேர்ந்தால்தான் கோயிலில் தாலி என்று நினைத்து அவசர ஞானஸ்நானம் வாங்குகிறார்கள். அந்த அவசரத்தின் விலை இருபது ஆண்டு கழித்துப் பிள்ளையின் சான்றிதழில் தெரியவருகிறது.

இரண்டு தரப்பும் மாறாமல் மணக்கச் சட்டம் தரும் வழி 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மனுக் கொடுத்ததும் பெயர், முகவரியோடு அறிவிப்பு ஒட்டப்படும். 30 நாள் காத்திருக்க வேண்டும். சார் பதிவாளர் அலுவலகச் சுவரில் அந்தத் தாள் ஒட்டப்பட்ட அன்றே சேதி ஊருக்குப் போய்விடும். சாதியும் வேறாக இருக்கும் ஜோடிக்கு அந்த 30 நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் நாட்கள்.

மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். ‘ஆர்.சி.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும். ‘இந்து, கிறிஸ்தவர் சம்மதம்’ என்று தாராளம் காட்டும் விளம்பரத்திலும் சாதிக் கட்டத்தில் விட்டுக்கொடுப்பு இருக்காது. தென்மாவட்டங்களில் ஒரே சாதிக்குள் இந்துவும் கிறிஸ்தவரும் சம்பந்தம் செய்வது பழகிப்போன ஒன்று. ஒரே பங்கில், ஒரே பாடகர் குழுவில் பாடி வளர்ந்த இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் சாதி மாறிக் காதலித்தால்தான் வீடு கொந்தளிக்கிறது.

கோயிலுக்குள் எழுந்த சுவர்கள்

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872 இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். பீடம் ஒன்று, ஒரு சாதி இந்தப் பக்கம், மற்ற சாதி அந்தப் பக்கம். 1910 இல் அந்தத் தடுப்பை ஆயர் பார்த் இடிக்கச் செய்தார். ஆதிக்க சாதியினர் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நூறு ஆண்டு கழித்தும் பிரச்னை ஓயவில்லை. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டமாக அப்போது இருந்த பகுதியில், எறையூரில், தலித் கத்தோலிக்கரின் இறுதி ஊர்வலப் பாதை, தனிப் பங்குக் கோரிக்கை ஆகியவை கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

இந்தியத் திருச்சபையின் 1.9 கோடி உறுப்பினர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் சொன்னது. தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையோர் யார் என்பது தெரிந்த பிறகும் ஆலயக் குழுவிலும் தேர் வடத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் அவர்களுக்குச் சம இடம் தராத பங்குகள் இருக்குமானால், அந்தப் பங்குகளில் வாசிக்கப்படும் நற்செய்திக்கு என்ன பொருள்?

அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும்

இப்போது இ-சேவை மையத்துக்கு வருவோம். பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றில் அண்ணன் இந்து, தம்பி கத்தோலிக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெரு, ஒரே குழாயடி, டீக்கடையில் ஒரே அவமானம். அண்ணன் பிள்ளைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். தம்பி பிள்ளைக்குக் கிடைக்காது. 1950 ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு மூடியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் தம்பி பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவான். படிப்பு உதவித்தொகையில் மாநில அரசு சில சலுகைகள் தருகிறது. ஆனால் பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் அவனுக்குப் பங்கில்லை. தனித் தொகுதியில் போட்டியிட முடியாது. தனி ஊராட்சியின் தலைவராக முடியாது. சாதி சொல்லித் திட்டி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்குத் துணை வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம் என்றால் பாடு இன்னும் அதிகம். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 26 அன்று தீர்ப்புச் சொன்னது. தந்தை பட்டியல் சாதி இந்து. தாய் கிறிஸ்தவப் பின்னணி. குழந்தையாக இருந்தபோது திருமுழுக்கு. அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்பை ஏமாற்றுவதாகும் என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1950 ஆணை இருக்கும் வரை நீதிமன்றம் வேறு முடிவுக்கு வருவது கடினம். கைக்குழந்தையாக இருந்தபோது பங்குப் பதிவேட்டில் ஏறிய வரி, வேலைக்குப் போகும் வயதில் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்கிறது.

இதன் விளைவை மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் காணலாம். மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போதே எந்த மதத்துக்கும் பொருந்துகிற பெயராகத் தேடுகிறார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். திருமுழுக்கைத் தள்ளிப் போடுகிறார்கள். புதுநன்மை வாங்கும் பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் நிலையில் வைக்கப் பயப்படுகிறார்கள். நம்புகிற சாமியை மறைத்து வாழும்படி குடிமக்களைத் தள்ளுகிற சட்டம், அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

■ பெட்டிச் செய்தி: கலப்புக் குடும்பங்களும் சட்டமும்

• மதம் மாறியவர் தன் இந்துப் பெற்றோரின் சொத்தில் பங்கை இழப்பதில்லை. 1850 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது.
• ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 26 ஆம் பிரிவின்படி, மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகள், தாத்தா உயில் எழுதாமல் இறந்தால் வாரிசாக முடியாது. வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டுமே முடியும்.
• சாதி மறுப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் சாதிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. எந்தச் சூழலில் வளர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம் (2012).
• முன்னோர் கிறிஸ்தவராக மாறியிருந்தாலும், தாய் மதம் திரும்பியவரை அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டால் பழைய சாதித் தகுதி கிடைக்கும் என்றது இன்னொரு தீர்ப்பு (2015).
• ஆங்கிலோ இந்தியர் யார் என்பதற்கு அரசியலமைப்பின் 366 ஆம் பிரிவு ஆண்வழி ஐரோப்பிய வம்சத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சட்டமன்ற, மக்களவை நியமன இடங்கள் 104 ஆவது திருத்தத்தோடு 2020 இல் முடிந்தன.

தாத்தாவின் காணி

பெட்டியில் சொன்ன 26 ஆம் பிரிவு வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. மகன் வேதத்தில் சேர்ந்து, பிள்ளை பெற்று, தகப்பனுக்கு முன்பே இறந்துவிட்டால் என்ன ஆகும்? தாத்தா உயில் எழுதாமல் கண்ணை மூடினால், அந்தப் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி காணியில் பங்கு வராது. பங்காளிகள் மனது வைத்துக் கொடுத்தால் உண்டு. கிணற்றுப் பாசனமும் இரண்டு ஏக்கரும் உள்ள குடும்பத்தில், நாற்பது ஆண்டு பேசாத மதம் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்கும்போது முதல்முறையாகப் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதிப் பதிவு செய்துவிடுவது நல்லது. ஒரு பத்திரம் இரண்டு தலைமுறைச் சண்டையைத் தவிர்க்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் பொறுப்பு அரசுக்கு. பட்டியல் சாதித் தகுதிக்கு மதம் தடையாக இருக்கக்கூடாது என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007 இலேயே பரிந்துரைத்தது. கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அந்தத் தகுதியைத் தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. இதை ஆராய 2022 இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்து, அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. ஆராய்ந்தது போதும். தீண்டாமை மதம் மாறியதும் மறைந்துவிடுகிறதா என்ற கேள்விக்கு விடையைக் கிராமத்துக் குழாயடியே எழுபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இட ஒதுக்கீட்டின் மொத்த அளவைப் பற்றி இப்போது பட்டியலில் இருக்கும் இந்து தலித்துகளுக்கு உள்ள கவலையும் உண்மையானது. அவர்கள் பங்கு குறையாமல் ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அந்தக் கவலையைக் காட்டிக் கதவை மூடி வைப்பது சகோதரர்களை மோதவிடுவதாகும்.

இரண்டாவது பொறுப்பு திருச்சபைக்கு. அரசிடம் நீதி கேட்கும் ஆயர்கள் தங்கள் அதிகாரத்தில் இருக்கும் நீதியை உடனே செய்யலாம். கல்லறைச் சுவரை இடிக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சாதி மாறி மணக்கும் கத்தோலிக்கருக்கு ஓலை வாசித்து, பாதுகாப்பும் தந்து, கோயிலிலேயே கல்யாணம் நடத்தி வைக்கலாம். மதம் மாறாமலே மணக்க வழி உண்டு என்பதைத் திருமணத் தயாரிப்பு வகுப்பில் தெளிவாகச் சொல்லலாம். நாட்டு வழக்கத்தோடு சேர்ந்து வாழலாம் என்ற நொபிலியின் பெருமையைக் கொண்டாடும் சபை, அவர் கை வைக்காமல் விட்ட வேலையையும் முடிக்க வேண்டும்.

மூன்றாவது பொறுப்பு வீடுகளுக்கு. தவக்காலத்தில் விருந்துக்கு வந்த மச்சானுக்குச் சாம்பார் எடுத்து வைக்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு, வேறு சாதியிலிருந்து வரும் மருமகளுக்கு இலை போடவும் தெரியும். அவரைத் தடுப்பது எந்த வேதமும் அல்ல. ஊர் என்ன சொல்லும் என்கிற பயம்தான். ஊர் என்பது நாம்தான். சாமி விஷயத்தில் நானூறு ஆண்டுகளாகக் காட்டிய பெருந்தன்மையைச் சாதி விஷயத்தில் இந்தத் தலைமுறை காட்டினால், கலப்புக் குடும்பம் என்று யாரையும் தனியாகச் சுட்டிக் காட்ட வேண்டிய தேவை அடுத்த தலைமுறைக்கு இருக்காது.